பார்க்கின்சன் உள்ள அப்பா அடிக்கடி விழுகிறார்: ரொறன்ரோவிலிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: கரவெட்டியில் அம்மாவோடு இருக்கும் அப்பாவுக்கு 71 வயது, பார்க்கின்சன் வருத்தம் தொடங்கி ஆறு வருடம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் தரும் குளிசையை ஒழுங்காகத்தான் குடிக்கிறார். ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் மூன்று தரம் விழுந்துவிட்டார். குளிசை இனி வேலை செய்யாதா, ரொறன்ரோவிலிருந்து நல்ல மருந்து வாங்கி அனுப்பலாமா, அல்லது சென்னைக்குக் கொண்டுபோய் மூளையில் சத்திரசிகிச்சை செய்விக்கலாமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசி வரியில் "அம்மாவும் நல்லாய்க் களைச்சுப்போனா" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நான் வாசித்த அளவில் உங்கள் கேள்வி முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. ஒரு கிளினிக் திகதிக்கும் அடுத்த திகதிக்கும் இடையில் அந்த வீட்டுக்குள் என்ன நடக்கவேண்டும், அதை யார் செய்வது?

நான் வடக்கின் அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பாரிசவாதம், முள்ளந்தண்டுக் காயம், பார்க்கின்சன் என்று நரம்பு வருத்தக்காரரோடுதான் என் வேலைநாட்களின் பெரும்பகுதி போனது. மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்கள் அப்பாவை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே மருந்தளவு பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். மருந்து எந்த நேரத்தில் உள்ளே போகிறது, அதற்குப் பிறகு உடம்பு எப்படி அசைகிறது என்பது வேறு விஷயம். அதை அருகிலிருந்து பார்ப்பதுதான் எங்கள் தொழில்.

முதலில் அம்மாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மூன்று தரமும் அப்பா விழுந்தது எத்தனை மணிக்கு? அதற்கு முன் கடைசியாகக் குளிசை குடித்தது எத்தனை மணிக்கு? விழுந்த இடத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், விழுந்த நேரத்தை யாரும் சொல்வதில்லை. பார்க்கின்சனில் நடுமூளையில், உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிந்துபோகின்றன. அவர் குடிக்கும் லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறி அந்தக் குறையை நிரப்புகிறது. ஆனால் இரத்தத்தில் அது நெடுநேரம் நிற்காது. ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். முதல் சில வருடங்களில் மிஞ்சியிருக்கும் கலங்கள் அதை வாங்கிச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். வருடம் போகப் போகச் சேமிக்கக் கலங்கள் போதாது. குளிசை ஏறும்போது நடப்பார், இறங்கும்போது இறுகுவார். "குளிசை வேலை செய்யவில்லை" என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் குளிசையின் வேலை அடுத்த வேளை வருவதற்கு முன்னரே முடிந்துபோவதைத்தான்.

மருந்து உறையில் காலை, மதியம், இரவு என்று எழுதியிருப்பார்கள். எங்கள் வீடுகளில் அது சாப்பாட்டுக்குப் பிறகு காலை 8 மணி, பகல் 1 மணி, இரவு 8 மணி என்று ஆகிவிடுகிறது. பகலில் இடைவெளி ஐந்து, ஏழு மணித்தியாலம், இரவில் பன்னிரண்டு. விடிய ஐந்து மணிக்கு எழும்பி வளவுக்குள் இருக்கும் கக்கூசுக்குப் போகும் மனுசன், உடம்பில் மருந்து மிகக் குறைந்த நேரத்தில், இருட்டில், ஈர நிலத்தில் நடக்கிறார். உங்கள் அப்பா விழுந்ததும் அந்த நேரமாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. லெவோடோபாவும் மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, பால், கடலை இவற்றின் புரதமும் குடலில் இருந்து இரத்தத்துக்கும், இரத்தத்தில் இருந்து மூளைக்கும் ஒரே வாசலால்தான் போகவேண்டும். மத்தியானம் நல்ல மீன்குழம்புச் சாப்பாடு முடித்துவிட்டுக் குளிசை குடித்தால் மீன் முந்திவிடும், குளிசை வெளியே நிற்கும். சாப்பிட அரை மணித்தியாலத்துக்கு முன், அல்லது சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பின் என்று வைத்தாலே சிலருக்குப் பின்னேரம் வேறு ஆளாகத் தெரியும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட்டோடு குடிக்கலாம். இதைக் கேட்டுவிட்டு மீனையும் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள். இந்த வருத்தத்தில் உடம்பு மெலிவதே ஒரு ஆபத்து. இரும்புச்சத்துக் குளிசையும் குடிக்கிறார் என்றால் இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் விடவேண்டும்.

ஆகவே புது மருந்துக்கு முன் ஒரு கொப்பி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று நாள் போதும். அப்பா எழும்பியதிலிருந்து படுக்கும்வரை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு வரி: குளிசை குடித்தாரா, என்ன சாப்பிட்டார், எப்படி இருந்தார். எப்படி இருந்தார் என்பதற்கு மூன்று சொல் காணும். "நல்லாய் இருந்தார்", "இறுகினார்", "தானாக ஆடினார்". மூன்றாவதை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். பார்க்கின்சனின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வருவது. கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் நெளிந்து வளைந்து தாமாக ஆடுவது வேறு. அது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் நிற்கும்போது வருகிறது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். வீட்டார் போய் "ஆட்டம் கூடிப்போச்சு, மருந்தைக் கூட்டுங்கோ" என்பார்கள். கிளினிக்கில் வெளியே வாங்கு நிறையச் சனம் இருக்கும்போது ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அப்பா உள்ளே போகும்போது நல்ல நேரமாக இருந்தால் நன்றாகத்தான் நடந்து காட்டுவார். கொப்பியைப் பார்த்தால் டொக்டருக்கு மீதி இருபத்துமூன்று மணித்தியாலமும் தெரியும். ஒரு நாளுக்குரிய அதே அளவைப் பிரித்துக் கூடுதல் வேளையாகக் கொடுப்பதா, இன்னொரு மருந்து சேர்ப்பதா என்பது அவருடைய முடிவு. நீங்களாக ஒன்றும் மாற்றவேண்டாம். முக்கியமாக லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. கடும் காய்ச்சலும் உடம்பு கட்டைபோல் இறுகுவதுமாக உயிராபத்து வரலாம்.

அடுத்ததை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பத் திரும்ப நடக்கிறது. விழுந்த கிழவரைப் பக்கத்தில் உள்ள யாரிடமாவது காட்டுவார்கள். "தலைசுத்துது" என்பார். தலைச்சுற்றுக்கு ஸ்ரெமெற்றில் எனப்படும் புரோகுளோர்பெரசின், அல்லது சினாரிசின் கொடுக்கப்படும். சத்தி என்றால் மெற்றோகுளோபிரமைட். மற்றவர்களுக்குப் பயன்படும் இந்த மருந்துகள் டோபமினின் வேலையைத் தடுப்பவை. பார்க்கின்சன்காரருக்குக் கொடுத்தால் ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டு மறுபக்கம் திறந்துவிடுவதுதான். சில கிழமைக்குள் எழும்பவே முடியாமல் போய், "வருத்தம் முத்திப்போச்சு" என்று வீடு நம்பிவிடும். இந்த மூன்று பெயரையும், மனக்குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹலோபெரிடோலின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி, "பார்க்கின்சன் இருக்கிறது, இவை கொடுக்கவேண்டாம்" என்று கிளினிக் கொப்பியின் மட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். நடுக்கத்துக்காகப் பென்செக்சோல் குடித்துவருகிறார் என்றால் அதையும் ஒருமுறை கேட்கலாம். வயது போனவர்களுக்கு அது மறதி, குழப்பம், மலச்சிக்கல், சலம் அடைப்பு எல்லாம் தரக்கூடியது. அதையும் தானாக நிறுத்தக்கூடாது, கேட்டுத்தான் குறைக்கவேண்டும்.

தலைச்சுற்று உண்மையாகவே இருந்தால் பிரஷரைப் பாருங்கள். ஆனால் கதிரையில் இருத்திப் பார்ப்பது காணாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருதரம், எழும்பி நின்று ஒரு நிமிடத்தில் ஒருதரம், மூன்று நிமிடத்தில் ஒருதரம். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அவர் நிற்கும்போது மூளைக்கு இரத்தம் குறைகிறது என்று பொருள். பார்க்கின்சனே இதைச் செய்யும், லெவோடோபாவும் செய்யும். அதோடு பத்து வருடத்துக்கு முன் வேறு கிளினிக்கில் தொடங்கிய பிரஷர் குளிசையும், புரொஸ்ரேட்டுக்குத் தரும் குளிசையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எங்கள் வயது போனவர்களிடம் இரண்டு மூன்று கிளினிக் கொப்பி இருக்கும். ஒன்று மற்றதைக் கண்டிருக்காது. அத்தனையையும் ஒரே பையில் போட்டு ஒரே டொக்டரின் மேசையில் வைக்கவேண்டும். தண்ணீரும் பாருங்கள். இரவில் எழும்பவேண்டுமே என்ற பயத்தில் பலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். எங்கள் வெய்யிலுக்கு அது பிரஷரையும் இறக்கும், மலத்தையும் இறுக்கும். குடல் மந்தமானால் அடுத்த குளிசையும் நேரத்துக்கு உறிஞ்சப்படாது.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். பார்க்கின்சன்காரரின் கால் பலமில்லாமல் நிற்பதில்லை. யோசிக்காமல் தானாக நடக்கும் பழக்கம்தான் பழுதாகியிருக்கிறது. யோசித்து நடக்கும் வழி மிஞ்சியிருக்கிறது. நிலைப்படியில், திரும்பும்போது, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையிலான ஒடுக்கத்தில் கால் நிலத்தோடு ஒட்டினதுபோல் நிற்கும். அப்போது அம்மா செய்யக்கூடாதது ஒன்றுதான்: கையைப் பிடித்து இழுப்பது. மேல் உடம்பு முன்னே வரும், கால் வராது, இருவரும் விழுவார்கள். நிற்கவிடுங்கள். மூச்சு விடட்டும். உடம்பை இடப்பக்கமும் வலப்பக்கமும் மெல்லச் சாய்த்துவிட்டு "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணி மூன்றில் ஒரு பெரிய அடி. அறையிலிருந்து கக்கூசுக்குப் போகும் வழியில், முக்கியமாக வாசலுக்கு முன்னும் பின்னும், அவருடைய ஓரடிக்கு ஒன்றாக நிலத்தில் நிறநாடா குறுக்கே ஒட்டிவிட்டால் கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் கால் தூக்குவார். நடை உறைபவர்களில் பலருக்கு இது அந்த இடத்திலேயே வேலை செய்வதைப் பார்க்கலாம். எல்லோருக்கும் இல்லை. தாளத்துக்கு நடப்பதும் அப்படியே. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், அரைவட்டமாகச் சுற்றி வரப் பழக்குங்கள். நடக்கும்போது கதை கொடுக்கவேண்டாம். கையில் தேத்தண்ணிக் கோப்பையும் வேண்டாம். இரண்டு வேலையை ஒன்றாகச் செய்ய அவருடைய மூளைக்கு இப்போது முடியாது.

வீட்டில் மாற்றவேண்டியவை காசு அதிகம் கேட்காதவை. விறாந்தையில் இருக்கும் சாய்மனைக் கதிரைதான் முதல் எதிரி. பதிவானது, பின்னால் சரிந்தது, அதிலிருந்து தானாக எழும்புவது அவரால் ஆகாது. பிளாஸ்ரிக் கதிரை பாரமில்லாததால் சறுக்கும். கைப்பிடி உள்ள, பாரமான, முழங்கால் உயரமான மரக்கதிரை போதும். எழும்பும்போது விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனிந்துவிட்டுத்தான் எழும்பவேண்டும். பின்பக்கம் சரிந்துகொண்டு எழும்பப் பார்ப்பதால்தான் மீண்டும் மீண்டும் கதிரைக்குள் விழுகிறார்கள். இரவுக்குக் கட்டிலடியில் கொமட் கதிரை வைத்தால் வளவுப் பயணமே இல்லாமல் போகும். அப்பா வெட்கப்படுவார். அம்மா சொல்வதைவிட நீங்கள் தொலைபேசியில் சொன்னால் கேட்பார். கிணற்றடியிலும் குளிக்கும் இடத்திலும் ஊர் மேசனைக் கொண்டு இரும்புப் பைப் பதிப்பியுங்கள். பாசி பிடித்த சீமெந்தைச் சுரண்டிவிடுங்கள். சாரம் காலைச் சுற்றும். உயர்த்திக் கட்டட்டும், அல்லது அரைக்காற்சட்டை போடட்டும். நடைச் சட்டம் (வோக்கர்) தேவையா என்பதைப் பார்க்காமல் சொல்லமாட்டேன். நடை உறைபவர்களில் சிலர் அதனாலேயே விழுகிறார்கள். மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட. அங்கே இயன்மருத்துவரிடம் ஒருதரம் நடந்து காட்டியபிறகு வாங்குங்கள். உபகரணம் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் இதை வாசித்தால், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். இரண்டு இடத்திலும் விசாரியுங்கள்.

விழுவதைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனால் விழுங்குவதைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. பார்க்கின்சன் முற்றியவர்களை அதிகம் கொண்டுபோவது, உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் போய் வரும் நியூமோனியா. சாப்பிடும்போது இருமுகிறாரா, சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, சாப்பாடு முடிய நெடுநேரம் எடுக்கிறதா, உடம்பு மெலிகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருமல் இல்லாமலே உள்ளே போவதும் உண்டு. ஆகவே "இருமவில்லை, பிரச்சினை இல்லை" என்று இருக்கவேண்டாம். எங்கள் சாப்பாட்டில் கடினமானது புட்டு. காய்ந்து, உதிர்ந்து, வாய்க்குள் ஒன்றாகச் சேராது. சொதி விட்டு நன்றாக ஊறவைத்துப் பிசைந்து கொடுக்கலாம், அல்லது சொதியில் ஊறிய இடியப்பமாக மாற்றலாம். கூழ் லேசான சாப்பாடு என்று நினைப்போம். நீரும் திண்மமும் கலந்த எதுவும் உண்மையில் விழுங்கச் சிரமமானது. நீர் முந்தி ஓடும், மீன்துண்டும் பயிற்றங்காயும் பின்னால் நிற்கும். ஒடியல் கூழில் அவருக்கு ஆசை என்றால் துண்டுகளை எடுத்துவிட்டுத் தடிப்பாகக் கொடுங்கள். நிமிர்ந்து கதிரையில் இருந்து, நாடியை (மோவாயை) கொஞ்சம் பதித்து, சின்னச் சின்ன வாயாக, குளிசை வேலை செய்யும் நேரத்தில் சாப்பிடட்டும். சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்கவேண்டாம். நாடியைப் பதிப்பது எல்லோருக்கும் பொருந்தாது. பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் ஒருவர் பார்த்துச் சொல்வதுதான் சரி. கிளினிக்கில் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

குரல் மெலிவதும் இதே கதை. சத்தமாகப் பேசப் பயிற்றும் முறை பார்க்கின்சனில் குரலுக்கு உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அப்பா தேவாரம் பாடுகிறவர் என்றால் தினமும் இரண்டு பதிகம் படலைவரை கேட்கப் பாடச் சொல்லுங்கள். தேவாரத்தை வைத்து யாரும் ஆய்வு செய்ததாக நான் சொல்லவரவில்லை. சத்தம், நீண்ட மூச்சு, தாளம் மூன்றும் அதில் இருப்பதால் சொல்கிறேன்.

வீடியோவில் அப்பா முகம் கொடுப்பதில்லை, உங்களோடு கோபம் போலத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோபம் இல்லை. முகத்தின் தசையும் மற்றத் தசைகளைப் போலவே இறுகியிருக்கிறது. சிரிப்பு உள்ளே இருக்கும், முகத்துக்கு வராது. கேள்வி கேட்டால் பதில் வரவும் நேரம் எடுக்கும், அதற்குள் நீங்கள் அடுத்த கேள்வி கேட்டுவிடுவீர்கள். இன்னொன்று. நீங்கள் கோடையில் இரவுச் சாப்பாடு முடித்து 8.30க்கு எடுத்தால் இங்கே விடிய 6 மணி. முதல் குளிசைக்கு முன் அவர் மிக இறுகியிருக்கும் நேரம். கொப்பியைப் பார்த்து அவருக்கு நல்ல நேரம் எது என்று கண்டுபிடித்து, சனி ஞாயிறிலாவது அந்த நேரத்துக்கு எடுங்கள். மனச்சோர்வு இந்த வருத்தத்தின் ஒரு பகுதி. அதற்கு மருந்து உண்டு. இல்லாத ஆட்களை, சின்னப் பிள்ளைகளை, மிருகங்களைக் காண்பதாகச் சொன்னால் பேய் பிசாசு என்று பூசைக்குப் போகவேண்டாம். வருத்தமோ, மருந்தோ, சலத்தில் கிருமியோ காரணமாக இருக்கலாம். அந்தக் கிழமையே டொக்டரிடம் சொல்லவேண்டியது.

அம்மாவைப் பற்றி. இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும் சலத்துக்கு எழுப்பவும் என்று அவவின் நித்திரை குழம்புகிறது. அவவுக்கும் முழங்கால் இருக்கும், பிரஷர் இருக்கும், தன் கிளினிக்கைத் தவறவிட்டிருப்பா. அவ விழுந்தால் இருவருக்கும் யாருமில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் மின்சாரக் கட்டிலும் விலைகூடிய விற்றமினும் அனுப்புகிறார்கள். அந்தக் காசுக்கு ஊரில் நம்பிக்கையான ஒருவரைக் காலை நான்கு மணித்தியாலத்துக்குச் சம்பளம் கொடுத்து வைக்கச் சொல்வேன். குளிக்கவார்ப்பு, பயிற்சி, காலைச் சாப்பாடு அவரோடு முடிந்தால் அம்மா கோயிலுக்குப் போய்வரலாம், பகலில் ஒரு நித்திரை கொள்ளலாம். "வெளியாள் வந்து செய்யிறதோ, சனம் என்ன சொல்லும்" என்பா. பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லவேண்டும். உங்களில் யாராவது வரும்போது கோயில் திருவிழாவுக்கு வருவதுபோல் எல்லோரும் ஒரே மாதத்தில் வராமல் பிரித்து வாருங்கள். கிளினிக் திகதியை ஒட்டி வாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மருந்தும் சென்னையும். கனடாவில் உள்ள லெவோடோபாவும் இங்கு தரும் லெவோடோபாவும் ஒரே மருந்துதான். மெல்லக் கரையும் வகையும் சாதாரண வகையும் உடம்பில் வேறுமாதிரி நடப்பவை. ஆகவே டொக்டர் கேட்காமல் ஒன்றுக்குப் பதில் மற்றதை அனுப்பாதீர்கள். மெல்லக் கரைவதை உடைத்து அரைத்துக் கொடுக்கவும் கூடாது. 2022இல் நாட்டில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்ததைப் பார்த்தோம். அதனால் அதே மருந்தில் சில கிழமைக்கான மேலதிகம் கையில் இருப்பது நல்லது. மூளைக்குள் மின்வாய் வைக்கும் சத்திரசிகிச்சை 1980களின் கடைசியிலிருந்து செய்யப்பட்டுவருவது, தகுந்த ஆட்களுக்கு நன்றாக உதவுவது. ஆனால் அது வருத்தத்தை மாற்றாது. பொதுவாகக் குளிசை எதைத் திருத்துகிறதோ அதைத்தான் அதுவும் திருத்தும், நடுக்கம் மட்டும் விலக்கு. குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் அப்பா விழுகிறார் என்றால் அந்தச் சிகிச்சை விழுவதை நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. மறதி தொடங்கியிருந்தால் பெரும்பாலும் செய்யமாட்டார்கள். செய்தபிறகும் கருவியைச் சீராக்கப் பலதரம் போகவேண்டும். ஆகவே சென்னைக்கு ரிக்கெற் போட முன்னரும் அதே மூன்று நாள் கொப்பி தேவை.

நாட்டு வைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. அதனாலேயே எனக்குப் பயம். எவ்வளவு இருக்கிறது என்பது விதைக்கு விதை மாறும், மருந்தோடு சேர்ந்தால் அளவு இரட்டிக்கும். கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கு போவதானால் இங்கிலீசு மருந்தின் பெயர்களைச் சொல்லியும், அங்கு தருவதைக் கிளினிக்கில் சொல்லியும் போங்கள். எண்ணெய் தேய்ப்பது இறுக்கத்துக்குச் சுகமாக இருக்கும், வருத்தத்தின் போக்கை மாற்றும் என்பதற்கு ஆதாரமில்லை. எண்ணெய்க் காலோடு குளிக்கும் இடத்தில் நடக்கவிடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு மூலக்கலம் (ஸ்டெம் செல்) ஏற்றுவதாக வரும் விளம்பரங்களைத் தொடவேண்டாம். உடற்பயிற்சி நடையையும் சமநிலையையும் திருத்துவது நிச்சயம். வருத்தம் கூடும் வேகத்தையே அது குறைக்குமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை, நம்பிக்கை தரும் அறிகுறிகள் இருக்கின்றன. அந்தச் சந்தேகத்துக்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

இவ்வளவையும் ரொறன்ரோவில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் சொல்லவேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். இந்த நாட்டில் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணியைப் பார்த்ததும் ஒரு முக்கிய காரணமாகித்தான் பிள்ளைப்பேற்றில் தாய்மார் இறப்பது இவ்வளவு குறைந்தது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது பலன் தரும் என்று நாங்களே நிரூபித்துவைத்திருக்கிறோம். பிள்ளைகள் புலம்பெயர்ந்து, வயது போனவர்கள் தனித்துவிட்ட யாழ்ப்பாணத்தில் படுக்கையில் விழுந்த நரம்பு வருத்தக்காரருக்கும் அப்படி ஒருவர் வரவேண்டும். கொப்பியைப் பார்க்க, கதிரையை மாற்ற, விழுங்குவதைக் கவனிக்க, பராமரிப்பவரிடம் "நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களோ" என்று கேட்க. உலக சுகாதார அமைப்பின் உறுப்புநாடுகள் 2022இல் ஏற்றுக்கொண்ட, 2031 வரைக்குமான நரம்பியல் செயற்திட்டம் பராமரிப்பவருக்கான ஆதரவையும் சேர்த்தே பேசுகிறது. புலம்பெயர் ஊர்ச்சங்கங்கள் கட்டடத்துக்குத் தரும் காசில் ஒரு பங்கை, சுகாதார அதிகாரிகளோடு பேசி, இப்படி ஊருக்கு ஒரு பயிற்றப்பட்ட ஆளுக்குத் தந்தால் என்ன என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உங்கள் சங்கத்திலும் கேளுங்கள்.

கடைசியாக, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நேரங்கள். விழுந்து தலை அடிபட்டால், அதிலும் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை குடிப்பவரானால். காய்ச்சலோடு உடம்பு இறுகினால். ஒரு நாளுக்குள் திடீரென்று குழம்பினால். புரைக்கேறிய பிறகு காய்ச்சலோ மூச்சிழுப்போ வந்தால். வாய் கோணி ஒரு பக்கம் வழங்காமல் போனால். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வாட்டில் சேர்த்தால் வீட்டில் உள்ள குளிசைகளையும், அவற்றின் நேரம் எழுதிய தாளையும் கொண்டுபோகவேண்டும். வாட்டில் மருந்து கொடுக்கும் பொது நேரம் அப்பாவின் நேரமாக இருக்காது. சிகிச்சைக்கு வழிகாட்டல் வகுக்கும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட தரநிலை, வைத்தியசாலையில் இருக்கும் பார்க்கின்சன்காரருக்கு லெவோடோபாவை அவரவர் நேரத்தில் இருந்து 30 நிமிடத்துக்குள் கொடுக்கவேண்டும் என்கிறது. அவ்வளவு முக்கியம் அது. சேர்த்த உடனேயே தாதியிடம் தாளைக் காட்டி, "இந்த நேரங்களுக்குக் கிடைக்க வேணும் மிஸ்ஸி, பிந்தினால் ஆள் இறுகிப்போவார்" என்று அம்மா பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லட்டும். விழுங்க முடியாத நிலை என்றாலும் "வாயால எடுக்கேலாது" என்று அப்படியே விட்டுவிடாமல், மூக்குக் குழாயால் கொடுக்கலாமா என்று அன்றைக்கே டொக்டரிடம் கேட்கவேண்டும், எத்தனை வேளை தவறிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.